எழுநூறு கிராம் கிடாக்கறி

காலை எட்டு மணி நாற்பது நிமிடம் வரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அல்லது சரியாகப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருந்ததில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மணமகள் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மகள் பாண்டீஸ்வரியை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணைப் பெற்றவன் மணமகள் அறை வாசலில் கவலையோடு உட்கார்ந்திருப்பது எந்த ஊரிலும் அதிசயம் இல்லை. காப்பி கொண்டுவந்த சமையல்காரர், "பொண்ணோட அப்பாவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். பரிதாபப்பட்டு இன்னொரு தம்ளர் வைத்துவிட்டுப் போனார். மேடையில்தான் வித்தியாசம். மாப்பிள்ளை, பெண் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் ரப்பர் விரிப்பும் அதன்மேல் இரும்புக் கம்பியும் எடைத் தட்டுகளும் வைத்திருந்தார்கள். பின்னால் இருந்த 'நல்வரவு' தெர்மாகோலை மட்டும் யாரும் கழற்றவில்லை.

மாநில வலுதூக்கும் போட்டி. கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழுவது ஒன்று, படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து தள்ளுவது ஒன்று, தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நிமிர்வது ஒன்று. மூன்றையும் கூட்டி வருவதுதான் மதிப்பெண். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இருவருக்கு மாநில அணியில் இடம். பாண்டி அறுபத்து மூன்று கிலோப் பிரிவு. அந்தப் பிரிவில் நிற்க வேண்டுமானால் அவளுடைய எடை அறுபத்து மூன்றைத் தாண்டக் கூடாது. கொஞ்சம்கூட.

கதவு திறந்தது. அவளுடைய கோச் கலா வெளியே வந்தார். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் என்னை "சார்" என்பார். ஆனால் அந்தச் சொல்லை அவர் சொல்கிற தொனியில் மரியாதையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"சார், அறுபத்து மூணு புள்ளி ஏழு."

"அப்படின்னா?"

"எழுநூறு கிராம் அதிகம். பத்து மணிக்குள்ள குறைச்சுட்டு வந்தா மறுபடி ஏறலாம். இல்லேன்னா வீட்டுக்குப் போகலாம்."

"காலைல வீட்டுல பார்த்தோமே. அறுபத்திரண்டுதான் காட்டுச்சு."

எங்கள் வீட்டுத் தராசு முள் வைத்த பழைய தராசு. அன்பான தராசு. என்னைப் பல வருடமாக எழுபதிலேயே வைத்திருக்கிறது.

கலா என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "நேத்து ராத்திரி என்ன சாப்ட்டா?"

"வழக்கம்போலத்தான். லேசா."

அப்போது என் போன் அடித்தது. போனில் மட்டும் காது சரியாகக் கேட்காததால் நான் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். நரிக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து என் அக்கா.

"தம்பி, பாண்டி கெளம்பிட்டாளா? கெடாக்கறி மிச்சம் கெடக்குய்யா. சுண்ட வச்சிட்டேன். எடுத்துக்கிட்டு வாரேன். நேத்து அவ நல்லித் துண்டு கேட்டு வாங்கித் தின்னாளே, இன்னும் நாலு கெடக்கு!"

கலா கண்ணை மூடித் திறந்தார்.

கால்வாசி தூக்குவது, முக்கால்வாசி உட்காருவது

போன வாரம் இதே பத்தியில் ஸ்கூட்டர் ஓட்ட நான் பயந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் போனில் கூப்பிட்டார். "சார், ஒரு வாரமாவது உங்களுக்குப் பயம் இல்லாத விஷயத்தைப் பத்தி எழுதுங்களேன்" என்றார். யோசித்தேன். பாண்டியின் பயிற்சியைப் பார்த்த முதல் நாள் எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஆகையால் அதை எழுதுகிறேன்.

பாலவனத்தம் போகிற ரோட்டில் ஒரு பழைய பஞ்சு கிட்டங்கி. ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிய இடம், இப்போது அதுதான் ஜிம். சுவரில் இன்னும் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். காற்றடித்தால் அவை பறந்துவந்து வியர்த்த தோள்களில் உட்காரும். கல்லூரியில் சேர்ந்த வருடம் பாண்டி அங்கே போக ஆரம்பித்தாள். ஒரு நாள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் போனேன். கத்தல், வியர்வை, முகம் சிவந்த ஆட்கள், இதையெல்லாம் எதிர்பார்த்தேன்.

பாண்டி கம்பிக்கு அடியில் போனாள். மூன்று தடவை குந்தி எழுந்தாள். கம்பியை வைத்தாள். ஸ்டூலில் போய் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம். மறுபடி மூன்று தடவை. மறுபடி சுவர். ஒன்றரை மணி நேரத்தில் அவள் எடையோடு இருந்த நேரத்தைக் கூட்டினால் நான் பல் தேய்க்கும் நேரம்தான் வரும்.

"என்னம்மா, பிள்ளை உட்கார்ந்தே இருக்காளே?" என்று கலாவிடம் கேட்டேன்.

"வளர்றது தூக்குறப்ப இல்ல சார், அதுக்கப்புறம். இங்க வர்ற பயலுகளப் பாருங்க. தெனமும் உசுரக் குடுத்துத் தூக்குவானுக. ரெண்டு மாசத்துல தோள்பட்டையப் பிடிச்சிக்கிட்டு நிப்பானுக. பாண்டி இன்னும் ரெண்டு தடவை முடியும்கிற எடத்துல நிறுத்திருவா. அதனாலதான் மறுநாளும் வாரா."

அங்கே கால் கிலோத் தட்டு ஒரு ஜோடி இருக்கிறது. தேன்குழலைவிடச் சற்றுப் பெரியது. அதைக் கம்பியின் இரண்டு பக்கமும் மாட்டுவதற்குப் பாண்டி சில சமயம் பல வாரம் காத்திருப்பாள். மாட்டிய அன்று வீட்டுக்கு வந்து, "அப்பா, அரைக் கிலோ ஏறிருச்சு" என்பாள். நான் முகத்தில் பெருமையை வரவழைத்துக்கொள்வேன். அரைக் கிலோ தக்காளியைச் சந்தையிலிருந்து தூக்கி வருகிறவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

எவ்வளவு எடை தூக்கப் பழகினாலும் ஒவ்வொரு நாளும் வெறும் கம்பியில்தான் ஆரம்பிப்பாள். அதே மூன்று அசைவுகள். அதே ஸ்டூல். ஒன்பதரை மணிக்குத் தூங்கிவிடுவாள். ஊரில் எந்த வீட்டுக் கல்யாணத்திலும் ராத்திரி விருந்துக்கு இருக்க மாட்டாள். காலையில் முட்டையும் கம்மங்கூழும், மாலையில் வேகவைத்த கடலை. இதைவிடச் சலிப்பான வாழ்க்கையை நான் பார்த்ததில்லை. பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம் நான் நடத்தும் இயற்பியல் திருப்புதல் வகுப்பு இதற்குத் திருவிழா.

மூச்சு ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. தூக்குவதற்கு முன்னால் அவள் வயிறு நிறையக் காற்றை இழுத்து, இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொள்வாள். அடைத்த மூட்டை மாதிரி நடு உடம்பு கெட்டியாகிவிடும். அதற்கப்புறம் முதுகு வளையாது. அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, நானும் அப்படியே மூச்சை இழுத்து இறுக்கிக்கொண்டு காஸ் சிலிண்டரைத் தூக்கினேன். சிலிண்டர் அசையவில்லை. சட்டைப் பொத்தான் பறந்து சாமி படத்தில் பட்டது.

நான் போட்ட கணக்கு

படித்தவனுக்கு வருகிற பயம் தனி ரகம். படிக்காதவர் "முதுகு ஒடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார். நான் எத்தனை நியூட்டனில் ஒடியும் என்று கண்டுபிடித்த பிறகுதான் தூக்கத்தை விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குனிந்து நிற்கும் உருவம் ஒன்று, அதன் கையில் கம்பி, இடுப்பில் அச்சு, நெம்புகோல் விதி. கீழ் முதுகெலும்பில் விழும் விசையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. அந்தக் கணக்கின்படி என் மகள் ஏற்கெனவே இரண்டாக ஒடிந்திருக்க வேண்டும்.

அப்போது அவள் சமையலறையில் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். கொண்டுபோய்க் காட்டினேன். மென்றுகொண்டே பார்த்தாள்.

"அப்பா, கம்பியை எங்க வரைஞ்சிருக்கீங்க?"

"கையிலதான்."

"முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி வரைஞ்சிருக்கீங்க. கம்பி காலை ஒட்டித்தான்ப்பா வரும். உரசிக்கிட்டே ஏறும். பாருங்க." பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலின் முன்பக்கத்தைக் காட்டினாள். எலும்பு நெடுக உரசிய தழும்பு. வண்டியிலிருந்து விழுந்துவிட்டு மறைக்கிறாள் என்று நான் அதற்குத் தனியாக ஒரு பயம் வைத்திருந்தேன்.

"எடை தள்ளிப் போச்சுன்னா யாராலயும் தூக்க முடியாதுப்பா. ஒட்டி வந்துச்சுன்னா தூக்கிரலாம். இதுதானே நீங்க பிளஸ் ஒன்ல எனக்கு நடத்துனீங்க?"

நடத்தினேன்தான். என் பயம் அந்தப் பாடத்தைக் கவனிக்கவில்லை.

நேர்ந்துகொண்ட கிடா

இனிக் கிடாவுக்கு வந்தாக வேண்டும்.

அந்த வாரம் என் மனைவி மீனா மதுரையில் இருந்தாள். அவளுடைய தங்கை மகளுக்குப் பிரசவம். போகும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "போட்டி முடியறவரைக்கும் உங்க அக்கா வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிராதீக." சரி என்றேன். பஸ் கிளம்பியது. அவள் ஜன்னல் வழியாகவும் ஒரு தடவை விரலை ஆட்டினாள்.

ஆனால் குலசாமிக்கு ஒரு கிடா நேர்ந்திருந்தேன். பாண்டி மாநில அணிக்குத் தேர்வானால் வெட்டுவதாக வேண்டுதல். யாரும் தேர்வான பிறகுதான் வெட்டுவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. முடிவு வருவதற்கு முன்பே வெட்டிவிட்டால் சாமிக்கும் ஒரு கட்டாயம் இருக்கும் அல்லவா? அட்மிஷனுக்கு முன்பே நன்கொடை கொடுக்கிற பெற்றோரைப் பார்த்துப் பழகிய வாத்தியார் புத்தி. அக்காவிடம் சொன்னேன். கோயிலில் கிடா வெட்ட அவளுக்குத் தோது வந்த ஒரே நாள், போட்டிக்கு முந்தின நாள்.

"கும்பிட்டுட்டு அரை மணி நேரத்துல திரும்பிரலாம்" என்று பாண்டியிடம் சொன்னேன். அவள் அப்போது எடையைப் பிடித்து வைத்திருந்த நேரம். உப்பைக் குறைத்து, தண்ணீரை அளந்து, அளவோடு சாப்பிட்டு, சரியாக வரம்புக்குள் நின்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கும்பிட மட்டும்தானப்பா?" என்று கேட்டாள்.

கண்மாய்க் கரைக் கோயில். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பந்தி போட்டாயிற்று. இலையில் ஆவி பறக்கச் சோறு, மேலே குழம்பு. நாற்பது சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் இலையில் கை வைக்கவில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். யாருக்காகக் கிடா நேர்ந்ததோ, அவர்கள் கை நனைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். நேர்ந்துகொண்டது நான். அந்த வழக்கம் எனக்குத் தெரியாதது அல்ல. பயத்தில் மறந்துபோனேன்.

"உக்காருத்தா" என்றாள் அக்கா.

"அத்தை, நாளைக்குக் காலைல எடை பார்ப்பாங்க. நான் இன்னைக்குச் சாப்பிடக் கூடாது."

"யாரு சொன்னா? வேண்டுதலு ஒனக்கு. நீ கை நனைக்காம நாங்க எப்படித்தா சாப்பிடுறது? சாமி ஒத்துக்கிருமா?"

பாண்டி என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். பந்தியின் கடைசியில் இருந்த ஒரு மாமா தழைந்த குரலில், "ஆத்தா, எனக்குச் சுகரு. நேரத்துக்குச் சாப்பிடணும். ஒரு வாய் வச்சிட்டின்னா நாங்க பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிருவோம்" என்றார்.

உட்கார்ந்தாள். ஒரு வாய்தான் வைத்தாள். அப்புறம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தா ஈரலு. இது பலம்." "இந்தா, நல்லி. இது எலும்புக்கு." பல வாரமாகப் பத்தியச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளை. நல்லியை ஒரு தடவை உறிஞ்சியதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். இரண்டாவதைக் கேட்டு வாங்கினாள். எங்கள் அக்கா குழம்பில் உப்பு ஒரு கை தூக்கலாகவே இருக்கும். அதற்குத் தண்ணீர், தண்ணீருக்குமேல் தண்ணீர். உப்பு உள்ளே போனால் தண்ணீரை வெளியே விடாது என்பது எனக்கும் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். சாமிக்கு எதிரில் சோடியம் குளோரைடைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

எனக்கு ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால். ரசம் விட்டு, இரண்டு துண்டோடு எழுந்துவிட்டேன்.

"என்ன தம்பி, கோழி கொத்துற மாதிரிக் கொத்திட்டு எந்திரிக்கிற?" என்றாள் அக்கா.

ஏசி வேலை செய்யாத கார்

"கார் இருக்கா சார்?" என்று கேட்டார் கலா.

"இருக்கு. ஆனா ஏசி வேலை செய்யாது."

"அதுதான் வேணும்."

மண்டபத்துக்குப் பின்னால், சீமைக்கருவேல மரங்களுக்கு இந்தப் பக்கம், நிழலே விழாத பொட்டலில் காரை நிறுத்தச் சொன்னார். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு ஒன்பது மணி, பத்து மணி என்ற வித்தியாசம் கிடையாது. கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரை முழுசாகத் திருகச் சொன்னார். வாங்கிய நாளிலிருந்து நான் அந்தத் திருகைத் தொட்டதே இல்லை. பாண்டி இரண்டு டிராக் சூட் மாட்டி, அதன்மேல் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள்.

"இது பயிற்சி இல்ல சார். மத்த யாரும் செய்யக் கூடாத வேலை. நேத்து நீங்க செஞ்ச முட்டாத்தனத்துக்கு இன்னைக்கு இவ பரிகாரம் செய்றா. நான் ரெண்டு நிமிசத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பார்ப்பேன்."

"நானும் உள்ளே இருக்கேன்" என்றேன்.

"நீங்க எதுக்கு?"

"மயக்கம் கியக்கம் வந்துட்டா?"

"யாருக்கு?" என்று கேட்டார் கலா. அதற்குள் நான் ஏறிக் கதவைச் சாத்திவிட்டேன்.

உள்ளே ரப்பர் மிதியடி சூடேறும் வாசனை. முந்தின நாள் கோயில் விபூதி, சூடம். டிக்கியில் அக்கா தந்த குழம்புப் பாத்திரம் சிந்தியதால் கறி மசாலா. பாண்டி கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தாடையிலிருந்து சொட்டுச் சொட்டாக வியர்வை துண்டில் விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாளே, அதே முகம்.

"பாண்டி, கோவமாம்மா?"

"பேசாதீங்கப்பா."

"இல்ல, அப்பா நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"அப்பா. நான் தூக்கப் போறேன். இப்ப அதை மட்டும்தான் நினைக்கணும்."

போன் அடித்தது. அக்கா. "கெளம்பிட்டேன்யா. திருச்சுழி தாண்டிட்டேன்." பின்னணியில் அண்டா தேய்க்கும் சத்தமும் ஒரு சேவல் கூவலும் கேட்டன. எந்த பஸ்ஸிலும் இவை இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை.

அரை மணி நேரத்தில் ஒரு தடவை இறங்கிப்போய் எடை பார்த்தாள். இன்னும் இருநூறு கிராம். மறுபடி ஏறினாள். கலா என்னை இறங்கச் சொன்னார். "பரவாயில்லை" என்றேன். காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டிருந்தேன். இரண்டு தம்ளர் காப்பியைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் ஒரு மாணவன் எழுதிக் கொடுத்திருந்தால் விடையைச் சரியாகச் சொல்லியிருப்பேன்.

டாஷ்போர்டில் இருந்த பிளாஸ்டிக் பிள்ளையார் மெதுவாக இரண்டானார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தார்கள்.

ஒட்டி வருவது

அப்புறம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு இருக்கிறது.

கதவு திறந்த சத்தம். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். மண்டபத்து வாட்ச்மேன் காலைப் பிடித்தார். நான் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டேன்.

"பாண்டி, நீ எடைக்குப் போ!" கலாவின் குரல். "பத்தாகப் போகுது! சாரை நாங்க பாத்துக்கிறோம்!"

"நீங்க இழுக்கிற இழுவைக்கு அப்பா தோள் கழண்டுரும்க்கா. தள்ளுங்க."

"ஏய், நேரம் இல்லடி!"

"தள்ளுங்கக்கா."

கண்ணைத் திறந்தேன். பாண்டியின் முகம் மிக அருகில் இருந்தது. பொதுத்தேர்வு முடிவு வந்த நாளில்கூட அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அன்று அந்த முகத்தில் பயத்தைப் பார்த்தேன். இப்போதும் ராத்திரி விழித்துக்கொண்டால் எனக்கு அந்த முகம்தான் வருகிறது. என்னால் அந்தப் பிள்ளைக்குத் தர முடிந்தது கடைசியில் அதுதானா என்று.

கக்கத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள். வயிறு நிறையக் காற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்.

"அப்பா, தொங்காதீங்க. என்னை ஒட்டி வாங்க."

ஒட்டினேன். வாழ்நாளில் ஒரு அறிவுரையை அவ்வளவு முழுமையாக நான் கடைப்பிடித்ததில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என் மூக்கு அவளுடைய ஈரமான மழைக்கோட்டில் அழுந்தியது. நெம்புகோலின் கை அநேகமாகப் பூச்சியம். தரை என்னைவிட்டு விலகியது. அடுத்த நிமிடம் அவள் தோளில் கிடந்தேன்.

"முதுகு! முதுகு நேரா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார் கலா. அந்த நேரத்திலும் பயிற்சி நடந்தது.

பொட்டலைத் தாண்டிச் சாப்பாட்டுக் கூடம்வரை தூக்கிக்கொண்டு நடந்தாள். பல் துலக்கிக்கொண்டிருந்த நடுவர் ஒருவர் பிரஷ்ஷை வாயிலேயே விட்டுவிட்டு நின்றார். பந்தி மேசையில் என்னை வைத்தாள். வைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கம்பியை வைப்பதுபோல, சத்தம் வராமல். மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே மணமகள் அறைக்கு ஓடினாள்.

சமையல்காரர் என் முகத்தில் தண்ணீர் தெளித்தார். "பொண்ணோட அப்பாதானே? இன்னும் முகூர்த்தமே ஆகலையே சார்."

சிறிது நேரத்தில் கலா வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அறுபத்திரண்டு புள்ளி ஒன்பது அஞ்சு."

அழுதேன். மேசையில் மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் காதுக்குள் போனது.

"உங்க எடை எவ்வளவு சார்?"

"எழுபது."

"பொய் சொல்லாதீங்க. அவ தூக்குனதப் பாத்தா எண்பதுக்குக் கொறையாது."

கடைசிச் சில கிராம் என்னைத் தூக்கி நடந்ததில்தான் இறங்கியது என்று நான் அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கலா இதை ஒப்புக்கொள்வதில்லை.

தெர்மாகோலுக்குக் கீழே

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. காய்ந்துபோன உடம்பு. தண்ணீரும் உப்பும் வாழைப்பழமும் உள்ளே போய்ச் சேருவதற்கு நேரம் போதவில்லை. குந்தி எழுவதில் மூன்று வாய்ப்பில் இரண்டாவது போயிற்று. பாதியில் எழ முடியாமல் நின்றுவிட்டாள். கம்பியை ஆட்கள் பிடித்தார்கள். நான் முதல் வரிசையில், சமையல்காரர் தந்த மோர்ச் செம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீனாவுக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது?

படுத்துத் தள்ளுவதில் சமாளித்தாள். கடைசியாகத் தரையிலிருந்து தூக்குவது. அதிலும் கடைசி வாய்ப்பு வரும்போது அவள் மூன்றாவது இடத்தில் இருந்தாள். நூற்று அறுபது கிலோ தூக்கினால் இரண்டாவது. அதை அவள் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் தூக்கியிருந்தாள். கிட்டங்கியில், நன்றாகத் தின்று தூங்கிய ஒரு நாளில்.

மேடை ஓரத்தில் கலா, "முடியுமா?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

பாண்டி கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டே, "அப்பாவ விட இது ஈசிக்கா. கம்பி கழுத்த நெரிக்காது" என்றாள்.

கம்பியின் முன்னால் போய் நின்றாள். கால் எலும்பைக் கம்பியில் ஒட்டினாள். குனிந்து பிடித்தாள். மூச்சை இழுத்தாள். எத்தனை நியூட்டன் என்று நான் கணக்குப் போடவில்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டையில் மிச்சம் இருந்த பொத்தான்களைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கம்பி கிளம்பியது. முழங்கால்வரை வந்தது. அங்கே நின்றது. நின்றதுபோலத்தான் எனக்குத் தெரிந்தது. 'நல்வரவு' எழுத்தின் கீழே அவள் முகம் கருஞ்சிவப்பாகிக்கொண்டே போனது. கம்பி அவள் தொடையை உரசிக்கொண்டு, அவளைவிட்டு ஒரு நூல் தள்ளிப் போகாமல், மெல்ல மெல்ல ஏறியது. நிமிர்ந்தாள். நடுவர் கையை இறக்கினார். கம்பியை வைத்தாள்.

மூன்று நடுவர்களுக்கு மூன்று விளக்கு. இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. இரண்டு வெள்ளை போதும். அணியில் இடம்.

மேடையிலிருந்து அவள் இறங்கி வரும்போது மண்டப வாசலில் சத்தம் கேட்டது. டிபன் கேரியர் படிக்கட்டில் இடிக்கும் சத்தம். காலையிலிருந்து திருச்சுழியைத் தாண்டிக்கொண்டே இருந்த அக்கா வந்து சேர்ந்துவிட்டாள். வாசலில் நின்ற சமையல்காரரே அவளுக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டார்: தம்பி விழுந்தது, மருமகள் தூக்கியது, இப்போது இரும்பையும் தூக்கியது.

அக்கா நேராக வந்தாள். மோர்ச் செம்போடு உட்கார்ந்திருந்த என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பாண்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேரியரைத் திறந்தாள். பாண்டி வெள்ளைப் பொடி ஒட்டிய கையைக்கூடத் துடைக்காமல் நல்லித் துண்டை எடுத்தாள். கலா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் அவரும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா தம்பி?" என்றாள் அக்கா. "நேத்து ரெண்டே துண்டோட நீ எந்திரிச்சே, இன்னைக்கு விழுந்து கெடந்தே. நான் போட்டத இவ தட்டாமத் தின்னா, ஒன்னையவும் தூக்கிட்டா, அந்த இரும்பையும் தூக்கிட்டா. இனிமே எங்க போட்டின்னாலும் மொத நாளு என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு."